கல்மரம் காணச் சென்றோம்

எங்கள் வீட்டு மேசைமீது முப்பது ஆண்டுகளாக ஒரு கல் இருந்தது. உள்ளங்கை நீளம் இருக்கும். ஒருபுறம் தேங்காய் நாரைப் போல வரி வரியாகவும், மறுபுறம் வழவழப்பாகவும் இருக்கும். காற்றில் தாள்கள் பறவாமல் இருக்க அதனை மேலே வைப்பது வழக்கம். இளவயதில் புதுச்சேரிக்குச் சென்று திரும்புகையில் திருவக்கரையில் இறங்கி, தரையில் கிடந்ததைக் குனிந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டோம். விருந்தினர் கேட்டால், "இரண்டு கோடி ஆண்டுக்கு முந்திய மரம்" என்று பெருமையோடு காட்டினோம். சென்ற தைத் திங்களில் எங்கள் இல்லத்துச் சிறுமி அதனைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இது யாரோடதுங்க?" என்று கேட்டாள். எங்கிருந்து வந்தது என்று கேட்டிருந்தால் கதையாகச் சொல்லியிருப்போம். யாருடையது என்ற வினாவுக்கு எங்களிடம் விடை இல்லை. கல்மரங்களைக் காண நாங்கள் மேற்கொண்ட பயணத்திற்கு அந்த வினாவே காரணமாயிற்று.

கோவைக்குத் தெற்கே, பாலக்காட்டுக் கணவாயின் வாயிலில் உள்ள மதுக்கரையில் வாழ்வோர்க்குக் கல் புதியதன்று. 1930களில் இங்கே சிமெண்ட் ஆலை எழுந்தது. அதன்பின் எங்கள் ஊர்ப் பொழுதுகளை ஆலைச் சங்கே வகுத்துத் தந்தது. பாறை உடைத்தவர்கள், வண்டி ஓட்டியவர்கள், சூளையருகே நின்றவர்கள் என்று ஒவ்வொரு தெருவிலும் சிலர் உண்டு. எங்களோடு வந்த பெரியவரும் அவ்வாறு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் உழைத்து ஓய்வு பெற்றவரே. பயணத்தின் நோக்கத்தைச் சொன்னபோது அவர், "ஏனுங்க, இத்தனை வருசம் கல்லு ஒடச்சேன். ஒரு கிளிஞ்சல்கூடக் கண்ணுல பட்டதில்லீங்க" என்றார்.

அவர் கூறியது முற்றிலும் உண்மை. மதுக்கரைச் சுண்ணாம்புக்கல் ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டது. நிலத்தின் ஆழத்தில் பெருவெப்பத்திற்கும் பேரழுத்தத்திற்கும் ஆட்பட்டுப் பளிங்குத் தன்மை பெற்ற பாறை அது. அத்தகைய பாறை தன் பழைய அடுக்குகளையும் அவற்றில் எவையேனும் இருந்திருந்தால் அவற்றின் அடையாளத்தையும் இழந்துவிடுகிறது. திருச்சிக்கு வடக்கே அரியலூர், பெரம்பலூர்ப் பகுதிகளில் உள்ள சுண்ணாம்புக்கல்லோ பிற்காலத்தில் கடலடியில் படிந்தது. அது வெந்து உருமாறவில்லை. ஆகவே தன்னுள் புதைந்த சிப்பியையும் நத்தையையும் பவளத்தையும் மரத்தையும் இன்றளவும் வைத்திருக்கிறது. இரண்டு கற்களும் சிமெண்ட் ஆலைக்கே செல்கின்றன. ஒன்று பழையதை மறந்த கல், மற்றொன்று மறவாத கல்.

தேசியப் பூங்காவுக்குச் செல்கிறோம் என்றதும் பிள்ளைகள் யானையும் புலியும் காணலாம் என்று எண்ணிக்கொண்டார்கள். ஆனைமலையும் முதுமலையும் அவர்கள் அறிந்த பூங்காக்கள். யானையைக் காண மதுக்கரைப் பிள்ளைகள் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை, வாளையாற்றுக் காட்டிலிருந்து அது ஊர் எல்லைக்கே வந்துவிடும். நாங்கள் செல்லும் பூங்காவில் ஓடுவதும் பறப்பதும் எதுவுமில்லை, எல்லாம் அசையாமல் கிடக்கும் என்று சொல்லி அழைத்துச் சென்றோம். தேசியக் கல்மரப் பூங்கா என்பது வனத்துறையின் காட்டுயிர்ப் புகலிடம் அன்று. 1851இல் தோன்றிய இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாகக் காத்துவரும் இடம் அது.

வேன் ஒன்றில் ஒன்பது பேர் விடியுமுன் புறப்பட்டோம். பல்லடம், காங்கேயம், வெள்ளகோவில், கரூர் என்று செல்லும் அச்சாலையும் கல்லின் வரலாற்றைச் சொல்லும் சாலைதான். காங்கேயத்துக்கு அருகிலுள்ள படியூரில் கிடைத்த கடல்வண்ணப் பச்சைக்கல் பண்டைய ரோமானியர்களின் கழுத்தை அணிசெய்தது என்பர். நொய்யல் கரையில் கொடுமணலில் நடந்த அகழாய்வுகள், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம்மவர் கல்லைப் பட்டை தீட்டி, துளையிட்டு, மணிகளாக்கிய தொழிற்கூடங்களை வெளிக்கொணர்ந்துள்ளன. கரூரைக் கடந்தபின் காவிரி உடன் வந்தது. கொங்கின் மேட்டுநிலக் கரட்டுப் பாறைகள் மெல்ல மறைந்து, வாழையும் நெல்லும் கண்ணில் பட்டன. திருச்சியில் காவிரியையும் கொள்ளிடத்தையும் கடந்து சென்னைச் சாலையில் திரும்பினோம்.

சாத்தனூரில்

பாடாலூருக்குக் கிழக்கே ஊட்டத்தூர் என்றோர் ஊர் உண்டு. பழைய சிவன் கோயிலால் பெயர் பெற்ற அச்சிற்றூரை உலகெங்கும் உள்ள நிலவியலாளர்கள் வேறொரு காரணத்தால் அறிவார்கள். இப்பகுதியின் படிவுப் பாறைகளில் மிகப் பழைய தொகுதிகளில் ஒன்றுக்கு 'ஊட்டத்தூர்த் தொகுதி' என்று அவ்வூரின் பெயரே இடப்பட்டுள்ளது. அதற்கு மேலே உள்ளது திருச்சிராப்பள்ளித் தொகுதி, அதற்கும் மேலே அரியலூர்த் தொகுதி. வங்கக் கடலின் பழைய வரலாற்றைப் பயில விரும்பும் வெளிநாட்டு மாணவர், நம் மூன்று ஊர்களின் பெயரை முதலில் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கிறது.

சாத்தனூர், கொளக்காநத்தத்தை அடுத்த சிற்றூர். பருத்தியும் சோளமும் விளையும் கரிசல் நிலத்தின் நடுவே, வேலியிட்ட வெளியில், கல்மரம் படுத்துக் கிடக்கிறது. நீளம் பதினெட்டு மீட்டர், அதாவது ஏறத்தாழ அறுபது அடி. துண்டு துண்டாகப் பிளந்திருந்தாலும் ஒரே அடிமரம் என்பது பார்த்தவுடன் விளங்கும். தூரத்திலிருந்து நோக்கினால், யாரோ அறுத்துப் போட்டு வண்டிக்காகக் காத்திருக்கும் மரம் என்றே தோன்றும். அருகே சென்று தட்டிப் பார்த்த பெரியவர், சற்று நேரம் பேசவில்லை. பின்னர், "கல்லுதானுங்க" என்றார். நம் மொழியில் ஆகாத செயலைக் 'கல்லில் நார் உரிப்பது' என்று சொல்வது வழக்கு. அன்று எங்கள் கண்முன் கிடந்த கல்லில் நார் இருந்தது. முடிச்சும் வரியும் இருந்தன.

அங்கு ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் பிள்ளைகளைக் கண்டதும் அருகே வந்தார். "நாங்க சின்னப் புள்ளையில இது மேல ஏறி ஓடி வெளையாடுவோம். வேலியெல்லாம் அப்பறந்தான் வந்துச்சு" என்றார். பன்னிரண்டு கோடி ஆண்டுப் பழமை உடையதாகச் சொல்லப்படும் மரத்தின்மீது ஆடிய அந்தக் கால்களை எங்கள் பிள்ளைகள் வியப்போடு பார்த்தார்கள்.

மரம் கல்லாவது எவ்வாறு? சாதாரணமாக விழுந்த மரம் மக்கி மண்ணாகிவிடும். ஆனால் வெள்ளம் அடித்துச் சென்று ஆற்றுமுகத்திலோ கடலடியிலோ சேற்றில் ஆழப் புதைத்துவிட்டால், காற்றுப் படாமையால் மக்குதல் தடைப்படுகிறது. மணலிலிருந்து கரைந்த சிலிக்கா கலந்த நீர் அதனுள் மெல்ல ஊறுகிறது. மரத்தின் நுண்ணறைகளை அந்தச் சிலிக்கா நிரப்பி, நாளடைவில் மரப்பொருளின் இடத்தையும் தானே பிடித்துக்கொள்கிறது. இம்மாற்றம் மிக நிதானமாக நிகழ்வதால் மரத்தின் உள்ளமைப்பு அப்படியே பதிவாகிவிடுகிறது. கல்லை மெல்லிய தகடாக அறுத்து நுண்ணோக்கியில் வைத்தால், அது எக்குடும்பத்து மரம் என்றுகூடச் சொல்ல முடியும். சாத்தனூர் மரம் ஊசியிலை மர இனத்தைச் சேர்ந்தது. பூக்கும் மரங்கள் உலகில் பெருகுவதற்கு முன்னர், நிலத்தை ஆண்ட காடுகளின் எச்சம் அது.

இம்மரத்தை 1940இல் அறிவுலகுக்குக் காட்டியவர் டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன். தஞ்சைப் பகுதி மகாராஜபுரத்தில் 1898இல் பிறந்தவர். இந்தியா, பர்மா ஆகியவற்றின் நிலவியல் குறித்து அவர் எழுதிய நூல் பல தலைமுறை மாணவர்களுக்குப் பாடநூலாயிற்று. 1951இல் புவியியல் ஆய்வுத் துறையின் தலைமையை ஏற்ற முதல் இந்தியரும் அவரே. ஆடு மேய்ப்போரும் உழவரும் காலங்காலமாக அறிந்திருந்த ஒரு கல்லுக்கு, அதன் காலத்தையும் பிறப்பையும் எடுத்துச் சொன்னது அவர் செய்த தொண்டு.

கடல் இருந்த இடம்

அவருக்கு நூறாண்டுகளுக்கு முன்பே இந்நிலத்தின்மீது ஆய்வாளர் பார்வை விழுந்துவிட்டது. 1840களில் சென்னை மாகாண அரசுப் பணியில் இருந்த கே, கன்லிஃப் ஆகிய இருவர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சி வட்டாரங்களில் சிப்பிக் கற்களைத் திரட்டி இலண்டனுக்கு அனுப்பினர். எட்வர்டு ஃபோர்ப்ஸ் என்னும் இயற்கை அறிஞர் 1846இல் அவற்றை விவரித்து எழுதினார். 1862இல் பிளான்ஃபோர்டு, மேலே சொன்ன மூன்று தொகுதிகளாக இப்பாறைகளைப் பகுத்தார். பின்னர் மொராவிய நாட்டிலிருந்து வந்த ஃபெர்டினாண்டு ஸ்டோலிச்சுக்கா, தென்னிந்தியத் தொல்லுயிர்களைப் பற்றிய பெருந்தொகுதிகளை எழுதினார். இமயத்திற்கு அப்பால் சென்ற ஆய்வுப் பயணத்திலிருந்து திரும்புகையில் 1874இல் லடாக்கில் அவர் இறந்தபோது வயது முப்பத்தாறு. அரியலூர் நத்தைகளுக்குப் பெயர் சூட்டியவரின் கல்லறை லேயில் இருக்கிறது.

சாத்தனூரிலிருந்து காரைக்குச் சென்றோம். செம்மையும் மஞ்சளும் சாம்பலுமாக, மழைநீர் அரித்த சிறு சிறு மேடுகளும் பள்ளங்களுமாக விரியும் நிலம் அது. புல் அரிது. அங்கங்கே ஜிப்சம் வெயிலில் கண்ணாடிபோல் மின்னுகிறது. சுட்டுவிரல் பருமனில் கூர்முனையோடு கிடக்கும் கற்கள், கணவாய் மீனுக்கு உறவான பெலெம்னைட் என்னும் உயிரினத்தின் எச்சங்கள். சுருள் வடிவில் கிடப்பவை அம்மோனைட்டுகள். ஏறத்தாழ ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்னர், பேருருவ விலங்குகளான டைனோசார்கள் அழிந்தபோது அவையும் அழிந்தன.

இன்று அவ்விடத்திலிருந்து கடற்கரை ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் கிழக்கே இருக்கிறது. அன்று அலை இங்கே அடித்தது. இந்திய நிலம், தென்துருவக் கண்டத்தோடும் ஆஸ்திரேலியாவோடும் கொண்டிருந்த பிணைப்பை விட்டுப் பிரிந்து வடக்கே நகர்ந்துகொண்டிருந்த காலம் அது. பிரிந்த இடைவெளியில் புகுந்த கடல், பலமுறை ஏறி, பலமுறை பின்வாங்கி, ஒவ்வொரு முறையும் ஓர் அடுக்கை விட்டுச் சென்றது. அந்த அடுக்குகளின் மேல்தான் இன்று பருத்தி விளைகிறது.

மலையில் கிடக்கும் சிப்பி கடலில் பிறந்ததே என்பதை ஏற்க மனிதகுலத்திற்கு நெடுங்காலம் பிடித்தது. கல் தானாகவே அவ்வடிவில் முளைத்தது என்று கற்றோரும் கருதிய நூற்றாண்டுகள் உண்டு. அக்கருத்தைத் தகர்த்தவர்களுள் முதன்மையானவர் டென்மார்க்கில் பிறந்த நீல்ஸ் ஸ்டென்சன். 1666இல் இத்தாலியின் லிவோர்னோவுக்கு அருகே பிடிபட்ட பெரிய சுறாவின் தலை, ஆராயும்படி ஃபுளோரன்ஸ் நகரில் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அதன் பற்களும், 'நாக்குக் கற்கள்' என்று மக்கள் வழங்கிவந்த முக்கோணக் கற்களும் ஒன்றே என்று அவர் கண்டார். அப்படியானால் அக்கற்கள் கிடைக்கும் மலை ஒருகாலத்தில் கடலடியாக இருந்திருக்க வேண்டும். இதிலிருந்து மேலும் சென்று 1669இல் வெளியிட்ட சிறு நூலில், அடுக்குப் பாறைகளில் கீழே உள்ளதே மூத்தது என்ற நெறியை வகுத்தார். ஊட்டத்தூரும் திருச்சியும் அரியலூரும் ஒன்றன்மேல் ஒன்றாக வரிசைப்படுவது அந்நெறியின்படியே. 1667இல் கத்தோலிக்கத் திருச்சபையில் இணைந்த ஸ்டென்சன், 1675இல் குருவாகவும் 1677இல் ஆயராகவும் ஆனார். 1686இல் வறியவராக இறந்தார். 1988இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார். கல்லைக் கூர்ந்து நோக்கிய கண்களுக்கு இறையன்பு தடையாக இருந்ததில்லை என்பதற்கு அவர் வாழ்வு சான்று.

இழந்தவை

அரியலூரை நெருங்க நெருங்கக் கல் ஏற்றிய வண்டிகள் எதிர்ப்பட்டன. 1953இல் பெயருக்காக நடந்த கிளர்ச்சியால் தமிழகம் முழுதும் அறிந்த கல்லக்குடி இவ்வட்டாரத்தில்தான் உள்ளது. அங்கு வெட்டப்படும் சுண்ணாம்புக்கல்லின் ஒரு பகுதி, பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட பவளத்திட்டு. இன்று அரியலூரைச் சுற்றிப் பல சிமெண்ட் ஆலைகள் இயங்குகின்றன. சுரங்கம் வெட்டினால்தான் புதிய அடுக்குகள் ஆய்வாளர் கண்ணில் படுகின்றன, பல அரிய படிவங்கள் அவ்வாறே வெளிப்பட்டன. அதே சுரங்கத்திலிருந்து எண்ணற்ற படிவங்கள் சூளைக்கும் போகின்றன. இதனைக் குறைகூறும் தகுதி மதுக்கரைக்காரர்களாகிய எங்களுக்கு எளிதில் வாராது. எங்கள் கல்விக்கும் உணவுக்கும் கூலி தந்தது சுண்ணாம்புக்கல்லே. எங்கள் வீட்டுச் சுவர்களும் அதனால் எழுந்தவையே. பெரியவர் வண்டிகளைப் பார்த்தபடி, "கண்ணுல பட்டா நாங்க எடுத்து வெச்சிருப்போமுங்களா, தெரியலீங்க" என்றார்.

கள்ளமேடு என்னும் ஊரின் கதை இதனினும் வருத்தம் தருவது. அங்கே கண்டெடுத்த எலும்புகளை வைத்து 1980களின் இறுதியில் யாதகிரி, அய்யாசாமி ஆகிய இரு நிலவியலாளர்கள் ஒரு டைனோசார் இனத்தை விவரித்தனர். 'பேருடல்' என்று பொருள்படப் 'பிருகத்காயோசாரஸ்' எனப் பெயரிட்டனர். கணைக்கால் எலும்பு ஒன்றே இரண்டு மீட்டர் நீளம் இருந்தது. உலகில் நடமாடிய மிகப் பெரிய நில விலங்குகளுள் ஒன்றாக அது இருந்திருக்கலாம். ஆனால் நைந்துபோயிருந்த அந்த எலும்புகள் பொடிந்து அழிந்துவிட்டன. இன்று எஞ்சியிருப்பவை படங்களும் குறிப்புகளுமே. ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு மேல் மண் காத்துவந்ததை, வெளியே எடுத்தபின் நம்மால் சில ஆண்டுகள் காக்க முடியவில்லை.

காக்கும் ஆர்வம் இருந்தால் மட்டும் போதாது, அறியும் பொறுமையும் வேண்டும். 2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் ஏரி மண் எடுத்தபோது உருண்டைக் கற்கள் பல வெளிப்பட்டன. டைனோசார் முட்டைகள் என்று செய்தி பரவி மக்கள் திரண்டனர். ஆய்வாளர்கள் வந்து பார்த்து, அவை முட்டைகள் அல்ல, கடல்வாழ் உயிர்களைச் சுற்றிப் படிந்த மண்ணுருண்டைகள் என்று விளக்கினர். கூட்டம் கலைந்தது. முட்டை இல்லை என்றதும் அக்கற்களின் மதிப்பும் போய்விட்டதாக நினைத்தவர்கள் பலர். சொந்த ஊர் ஒருகாலத்தில் கடலாக இருந்தது என்பதற்கான சான்று காலடியில் கிடந்ததை அவர்கள் பொருட்படுத்தவில்லை.

திருவக்கரையில்

மறுநாள் விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையை அடைந்தோம். வக்கிரகாளியம்மன் கோயிலுக்கு மக்கள் வந்தவண்ணம் இருந்தனர். கோயிலுக்கு அருகிலேயே கல்மரப் பூங்கா. ஏறத்தாழ 247 ஏக்கர் பரப்பு, ஒன்பது பிரிவுகளாக உள்ளது. மூன்று முதல் பதினைந்து மீட்டர் வரை நீளமுள்ள அடிமரங்கள் செம்மண்ணில் பாதி புதைந்து கிடக்கின்றன. 1781இலேயே சொன்னெரா என்னும் பிரெஞ்சு இயற்கையாளர் இவற்றைக் குறித்துள்ளார். இவை சாத்தனூர் மரத்தினும் மிக இளையவை, இரண்டு கோடி ஆண்டு அளவினவை. புளி, ஆமணக்கு ஆகியவற்றின் குடும்பங்களைச் சார்ந்த மரங்களும் இவற்றில் உண்டு. கிளையோ இலையோ வேரோ பட்டையோ இல்லை. ஆகவே எங்கோ வளர்ந்தவை வெள்ளத்தில் உருண்டு வந்து இங்கு ஒதுங்கின என்பர். வக்கிராசுரன் என்னும் அரக்கனின் எலும்புகளே இவை என்பது ஊரார் வழிவழியாகச் சொல்லும் கதை. ஒருகாலத்தில் உயிரோடு இருந்த ஒன்று இவ்வாறு கிடக்கிறது என்பதை அக்கதை சொன்னவர்களும் உணர்ந்திருந்தார்கள் என்றே எங்களுக்குத் தோன்றிற்று.

அமெரிக்காவின் அரிசோனாவிலும் இத்தகைய கல்மரக் காடு உண்டு. அங்குள்ள மரங்கள் இருபது கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. 1906இல் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் அதனைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார். 1962இல் அது தேசியப் பூங்காவாயிற்று. காண வருவோர் சிறு துண்டுகளை எடுத்துச் சென்றுவிடுவது அங்கும் நெடுநாளைய தொல்லை. அவர்களுள் பலர் ஆண்டுகள் கழித்து, மன்னிப்புக் கேட்டு மடலெழுதி, கல்லைத் திருப்பி அனுப்புகின்றனர். பூங்காவினரால் அவற்றை மீண்டும் பழைய இடத்தில் வைக்க இயலாது. எந்த அடுக்கில், எந்த மரத்தருகே கிடந்தது என்பது தெரியாமல் போனால், அக்கல் ஆய்வுக்குரிய சான்றாகும் தகுதியை இழந்துவிடுகிறது. எனவே திரும்பி வந்த கற்களை ஒரு குவியலாகச் சாலையோரம் கொட்டி வைத்தனர். மனச்சான்றுக் குவியல் என்று அதற்குப் பெயர்.

நம் நாட்டில் இத்தகைய புவிமரபு இடங்களைக் காப்பதற்கென்று 2022 டிசம்பரில் ஒரு சட்ட முன்வரைவு மக்கள் கருத்துக்காக வெளியிடப்பட்டது. சட்டம் தேவைதான். ஆனால் எங்கள் கையில் அந்தக் கல்லை எடுத்துத் தந்தது சட்டம் இல்லாமை மட்டுமன்று. தரையில் கிடப்பது யாருக்கும் உரியதன்று, ஆகவே எனக்குரியது என்ற எண்ணமே அதனை எடுக்கச் செய்தது. அவ்வாறு எண்ணியவர்கள் ஆளுக்கொன்று எடுத்திருந்தால் முப்பது ஆண்டுகளில் எவ்வளவு போயிருக்கும் என்று கணக்கிட்டுப் பார்க்க அஞ்சினோம்.

பையிலிருந்த கல்லைச் சிறுமியின் கையில் கொடுத்தோம். அவள் அதனைக் காவலரிடம் நீட்டினாள். எங்கே எடுத்தது என்று அவர் கேட்டார். நாங்கள் நாற்புறமும் பார்த்தோம். நின்ற இடம் இதுவா, அந்த வேம்புக்கு அப்பாலா, இன்னும் மேற்கேயா, நினைவில்லை. கல் இரண்டு கோடி ஆண்டுகளாகத் தன் வரலாற்றைத் தவறவிடவில்லை. நாங்களோ முப்பது ஆண்டுகளில் அதன் இடத்தை மறந்துவிட்டோம். காவலர் எங்களைக் கடியவில்லை. "வெச்சுட்டுப் போங்க" என்று சொல்லி, தம் அறை வாசலில் கிடந்த வேறு சில துண்டுகளோடு அதனையும் வைத்தார். அத்துண்டுகளும் எங்களைப் போன்றோர் கொணர்ந்தவையோ என்று கேட்க எங்களுக்கு நா எழவில்லை.

திரும்பும் வழியில், கரூரைக் கடந்து கொங்கு மண்ணின் பாறைகள் மீண்டும் தென்படத் தொடங்கியபோது, சிறுமி கேட்டாள்: "நம்ம ஊர்க் கல்லுல ஏன் ஒண்ணும் இல்லை?" பெரியவர்தான் விடை சொன்னார்: "அது வெந்து போச்சு கண்ணு. அதுக்கு ஒண்ணும் ஞாவகமில்லை. நாமதான் வெச்சுக்கோணும்." இப்பொழுது எங்கள் மேசைமீது தாள்கள் பறவாமல் இருக்க மதுக்கரைச் சுண்ணாம்புக்கல் துண்டு ஒன்று இருக்கிறது. பெரியவர் தம் வீட்டிலிருந்து கொண்டுவந்து தந்தது. எந்த ஆண்டு, சுரங்கத்தின் எந்தப் பக்கத்தில் வெட்டியது என்று அதன் அடியில் எழுதி ஒட்டச் சொல்லிவிட்டே தந்தார்.